உப்பு இலாகா, இரண்டாம் பாகம்

நீ வேண்டுமென்றேதான் செய்தாய். இல்லையென்று சாதிக்காதே. கடைக்குள் தலையை நுழைத்ததுமே உன் கண் அந்த மேல்தட்டுக்கு ஒரு தரம் போய்த் திரும்பியது, குடையை மடக்குகிற சாக்கில் மறுபடி ஒரு தரம் போனது, நாற்பத்துமூன்று வருஷம் பழைய புத்தகம் விற்றவன் இதைக்கூடவா பார்க்கமாட்டேன். ஆனால் உன் கை மட்டும் கீழே போய், எவனுக்கும் வேண்டாத ஒரு ரயில்வே கால அட்டவணையை எடுத்து, "இது என்ன விலைங்க" என்று கேட்டது. வேண்டாததற்கு விலை கேட்டு, அது படிந்ததும் போகிறபோக்கில், "அந்த மேல இருக்கறதையும் சேத்துப் போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றாய். இந்த வித்தையை நான் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் வாங்கும்போது எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன், என்னிடமே காட்டுகிறாய், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே இருந்தது என்ன பெரிய பொக்கிஷம், உப்பு இலாகா விதிமுறைத் தொகுப்பு, இரண்டாம் பாகம், முதல் பாகம் கிடையாது, வெள்ளைக்காரன் காலத்துத் துணி அட்டை, இந்தக் கடை போட்ட பதினெட்டு வருஷத்தில் ஒருத்தன் தொட்டதில்லை. "அது வேற சரக்கு சார், தனி ரேட்டு" என்றேன். "ரெண்டாம் பாகம் மட்டும்தானே, ஒத்தைச் செருப்பு மாதிரி" என்றாய். "ஒத்தக் காலு இருக்கறவன் தேடி வருவான் சார், நீங்க வந்துட்டீங்கல்ல" என்றேன். நீ சிரிக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாய். அந்தச் சும்மா நிற்கிறதும் எனக்குத் தெரியும், முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான், பதினைந்து வயதில் பேப்பர் குடோனில் அடிபட்டுக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. இன்றைக்கு நான் முதலில் திறந்துவிட்டேன். பதினோரு நாளாக நாக்கு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. இறங்கினேன், இறங்கிவிட்டோமே என்ற ஆத்திரத்தில் இறங்கினதற்கு மேலேயும் ஏற்றினேன், ஏற்றினதற்கு நீ "சரி" என்றாய். அவ்வளவுதான், "சரி". சண்டையில் ஜெயிக்கிற நேரத்தில் எனக்கு வேறொன்றும் நினைவிருக்காது, பெற்ற மகள் பெயரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன். எந்தப் புத்தகமும் கடையைவிட்டுப் போகுமுன் முதுகைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறு உதறணும் என்பது என் சட்டம், குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த காலத்தில்கூடத் தவறினதில்லை. இன்றைக்கு உதறவில்லை. ஏன் உதறவில்லை, உதறினால் கடைசி முப்பது பக்கத்தில் பூச்சி துளைத்திருப்பது உனக்குத் தெரிந்துவிடும், நீ "சரி"யைத் திருப்பி வாங்கிக்கொள்வாய். அதனால் இறுக்கிப் பிடித்து, சணலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, உன் துணிப்பையில் நானே வைத்தேன். என் கையாலே. "ஒரு பில் இருந்தா நல்லாருக்கும்" என்றாய். "பழைய புஸ்தகத்துக்கு பில்லு கேட்ட மொத ஆளு நீங்கதான் சார், போயிட்டு வாங்க" என்றேன். பில் போட்டிருந்தால் பெயர் கேட்டிருப்பேன். பெயர் கேட்டிருந்தால் இப்படி உன்னை நீ, நீ என்று மொட்டையாகக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டேன்.

நீ போய் அரைமணி நேரம் கழித்துத்தான் நான் ஸ்டூலில் ஏறினேன், தட்டில் சந்து விழுந்தால் எனக்குப் பிடிக்காது, பல் போன வாய் மாதிரி இருக்கும், எதையாவது செருகலாம் என்று கையை விட்டேன், கை காலியிடத்துக்குள் போனது, போய் அப்படியே நின்றது. உறை. வெள்ளை உறை, வாய் ஒட்டினது, மேலே பேச்சிமுத்து, 58, ஆண், கீழே என் போன் நம்பர். எத்தனையாவது பக்கத்தில் வைத்தேன் என்பதுகூடத் தெரியும், இருநூற்றுப் பன்னிரண்டு, கள்ள உப்புக்கு என்ன தண்டனை என்கிற பக்கம். அந்தப் புத்தகம்தான் என் இரும்புப் பெட்டி. யாரும் வாங்காத புத்தகத்தைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது. அடகுச் சீட்டு அதில் இருந்திருக்கிறது, தம்பி எழுதின வக்கீல் நோட்டீஸ் இருந்திருக்கிறது, என் வீட்டுக்காரி மரகதத்துக்குத் தெரியக்கூடாத எல்லாம் அங்கேதான் இருந்து அங்கேயே ஆறிப்போயிருக்கிறது. வீட்டில் அவள் சட்டைப் பையைத் துழாவாமல் துவைக்கமாட்டாள், வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து கூட்டிப் பெருக்கிக் கல்லா, டிராயர் எல்லாம் துடைப்பாள், மேல்தட்டுக்கு மட்டும் வரமாட்டாள், அங்கே தூசு, அவளுக்குத் தும்மல். இந்த உறையும் அங்கேயே ஆறட்டும் என்று வைத்தேன். கழுத்தில் இடதுபக்கம், தாடைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு. சவரம் பண்ணும்போது பிளேடு அதில் ஏறி இறங்கியது, அப்படித்தான் தெரியும். இதோ இப்போதும் விரல் அங்கேதான் இருக்கிறது, நான் வைக்கவில்லை, அதுவே போய்விடுகிறது. காலையில் கொஞ்சம் சிறுத்த மாதிரி இருந்தது. இப்போது இல்லை. மரகதத்தின் தம்பி தவசிக்கும் இதே இடம், இதே பக்கம், ஆடியில் பார்த்தது, தை தாண்டவில்லை. கடைசியில் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தோம். காடாற்றிவிட்டு வந்த அன்றைக்கு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தரம் என்னால ஆகாது" என்றாள், என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம்தான் சொன்னாள். எனக்கும் லேபில் ஊசியைக் குத்தி உறிஞ்சி எடுத்தார்கள். நாலு நாள் கழித்து உறையைக் கொடுத்த பெண், "டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார்" என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். எனக்குச் சோறு போடுவதே அடுத்தவன் முகம்தான். எவனுக்கு எந்தப் புத்தகத்தின் மேல் ஆசை, எவன் பையில் எவ்வளவு இருக்கிறது, எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் ஆகாது, எல்லாம் முகத்தில் எழுதியிருக்கும், எழுத்தே தெரியாமல் பட்டணம் வந்த நான் முதலில் படித்தது அதைத்தான். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. ஷட்டரை இறக்கின கடை மாதிரி. நல்ல சேதியாக இருந்தால் லேசாக ஒரு சிரிப்பு வந்திருக்காதா. கெட்ட சேதியாக இருந்தால் கண்ணைத் தாழ்த்தியிருக்கமாட்டாளா. அவளுக்கு உள்ளே இருப்பது தெரியவே தெரியாதோ, தெரிந்துகொண்டுதான் அந்த மாதிரி வைத்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்களோ. பதினோரு நாளாக அந்த முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன், முதல் பாகம் இல்லாத புத்தகம் மாதிரி எங்கே ஆரம்பித்தது என்றே பிடிபடவில்லை. நாளைக்கே அங்கே போய் இன்னொரு காப்பி கொடும்மா என்று கேட்கலாம், கம்ப்யூட்டரில் தட்டினால் வந்துவிடும். தட்டும்போது அவள் பார்ப்பாள். பார்க்கிறபோது நான் அவள் எதிரில் நிற்கணும். அதற்கு என்னால் ஆகாது.

ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் பெரிய தெரு முனை வரைக்கும் ஓடினேன், பஸ் ஸ்டாப்பில் நாலு கறுப்புக் குடை, ஒன்றும் நீயில்லை. ஒருத்தரை முன்னால் போய் நின்று பார்த்தேன், அவர் பயந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்தேன், இதயம் தொண்டையில் அடிக்கிறதா அந்தப் புளியங்கொட்டையில் அடிக்கிறதா தெரியவில்லை. போன் அடித்தது. உறைமேல் நம்பர் இருக்கிறதே, நீதான். அவசரத்தில் போனே கீழே விழுந்து, எடுத்துப் பார்த்தால் மரகதம். "சாப்டீங்களா?" "ஆச்சு." "கொழம்பு உப்புக் கரிச்சுதா?" "இல்ல, சரியாத்தான் இருந்துது." "நான் இன்னிக்கிக் கொழம்பே வைக்கல. தயிர்சாதமும் நார்த்தங்காயும்." "ஓ." "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" "எப்பிடி இருக்கேன்?" "இவ்ளோ நேரம் பேசியும் ஒரு தடவகூடக் கத்தலையே." நான் கத்தினேன், கடையில ஆளு இருக்கு போனை வை என்று கத்தினேன், அவளுக்கு நிம்மதியாகியிருக்கும், வைத்துவிட்டாள். கடையில் ஆளில்லை. பரீட்சைக்குப் பழைய கைடு கேட்டு ஒரு பெண் வந்தது, இல்லையென்று சொன்னேன், காலடியிலேயே கிடந்தது. மறுபடி போன், தெரியாத நம்பர். இதுதான். இது நீதான். அடிக்க விட்டேன், அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும் இன்னும் பயமாகிவிட்டது, எடுக்காதவனிடம் என்ன சொல்வது என்று நீ உறையைக் குப்பையில் போட்டுவிட்டால். நானே திருப்பி அடித்தேன். ஒரு பெண், கிரெடிட் கார்டு வேணுமா சார் என்றாள். இந்த மாதிரிப் பெண்களை நான் என்ன திட்டுத் திட்டுவேன் என்று எதிர்க்கடை நூருல்லாவைக் கேட்டால் சொல்வார். இன்றைக்கு அவள் சொன்ன அத்தனையையும் கேட்டேன், முதல் வருஷம் கட்டணம் கிடையாது, பெட்ரோலுக்குச் சலுகை, என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது, இருந்தும் கேட்டேன். "சாருக்கு என்ன வயசு" என்றாள். ஐம்பத்தெட்டு என்றேன். "அறுபது வரைக்கும் குடுக்கறாங்க சார்" என்றாள் சந்தோஷமாக. அறுபது வரைக்கும். வைத்துவிட்டேன்.

நான் இதுவரை எத்தனை பேருடைய காகிதத்தை உதறிக் கொட்டியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறபோதே அது வந்துவிடுகிறது. ஆள் போன வீடு. மாடியில் அலமாரி. கீழே மகனும் மருமகனும் சீக்கிரம் ஆகட்டும், டாக்ஸி வந்துவிடும் என்பார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து உதறுவேன், ரூபாய் நோட்டு இருந்தால் எனக்கு, மிச்சமெல்லாம் கூடைக்கு. பஸ் டிக்கெட், வேப்பிலை, கோயில் விபூதி மடித்த காகிதம், மருந்துச் சீட்டு. மருந்துச் சீட்டு எவ்வளவு, ரத்தப் பரிசோதனை எவ்வளவு, எல்லாவற்றிலும் ஒரு பெயர், ஒரு வயது, ஆண், பெண். மயிலாப்பூரில் ஒரு ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்திரார் வீட்டில் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து பிரிக்காத இன்லேண்ட் லெட்டர் விழுந்தது. பிரிக்காத கடிதம். பணம் இருக்குமோ என்று நான்தான் கிழித்தேன். இன்லேண்டில் எவன் பணம் வைப்பான், அப்போது அந்த அறிவுகூட இல்லை. அப்பா என்று ஆரம்பித்தது, பெண்பிள்ளை எழுத்து, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று இருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை. படிக்கட்டில் பத்துப் படி இறங்கினால் கீழே இருந்தவர்கள் கையில் கொடுத்திருக்கலாம். கூடையில் போட்டேன். அந்த ஆள் ஏன் பிரிக்காமல் வைத்தார் என்று அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, கிறுக்கன் என்று நினைத்தேன். அவருக்கும் அது ஒரு மேல்தட்டுப் புத்தகம்தான் போலிருக்கிறது. இப்போது நீயும் எங்கேயோ ஒரு மேஜைமேல் சணலை வெட்டி, புத்தகத்தின் முதுகைப் பிடித்து, உதறிக்கொண்டிருப்பாய். நீ உதறுகிற ஆளா. அட்டவணையை எடுத்தபோது அட்டையை நீ தொட்ட விதம், நகம் படாமல் விரல்சதையால் தொட்டாய், உதறமாட்டாய். அப்படியென்றால் படிப்பாய், பக்கம் பக்கமாக. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எப்போது வந்து சேர்வாய், நாளைக்கா, அடுத்த மாசமா, அதற்குள் எனக்கு, சே.

இரண்டு மணிக்கு நூருல்லா வந்தார். தொழுகை முடித்து, சாப்பிட்டு, ஒரு கையில் பசைச் சட்டி, ஒரு கையில் எனக்கு டீ. பைண்டிங் கடைக்காரர், அவர் கையைப் பார்த்தாலே பசை வாசனை வரும். "என்ன அண்ணாச்சி, நடுத்தெருவுல வேட்டியப் புடிச்சுக்கிட்டு ஓடுனீங்களாமே, பூக்காரம்மா சொல்லிச்சு. எவனாச்சும் காசு குடுக்காம போயிட்டானா?" "குடுத்துட்டுத்தான் போனான்." "குடுத்துட்டுப் போனவனை ஏன் தொரத்துறீங்க, இன்னும் கொஞ்சம் புடுங்கலாம்னா?" நான் சிரிக்கவில்லை. அவர் மேல்தட்டைப் பார்த்தார், காலியிடத்தைப் பார்த்தார். "அட, அந்த உப்பையா தள்ளிவிட்டீங்க? அப்ப அந்த ஆளு உங்ககிட்டதான் வாங்கியிருக்காரா. குடைக்காரரு. உங்க கடைலேர்ந்து நேரா எங்கிட்டதான் வந்தாரு, பையிலேர்ந்து பேப்பர்ல சுத்தியிருந்த மொதப் பாகத்த எடுத்துக் குடுத்தாரு. முப்பது வருஷமா ஒத்தையா வச்சிருந்தாராம், இன்னிக்குத்தான் ஜோடி சேந்துச்சுன்னாரு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி அட்ட போடணுமாம்." "ரெண்டாவது எங்க?" டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அதக் குடுக்கல. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமா ஒரு தடவ எண்ணிப் பாத்துட்டு நாலு மணிக்குக் கொண்டு வரேன்னாரு. உங்க சரக்காச்சே, எண்ணாம இருக்க முடியுமா." "வீடு எங்க? நம்பர் வாங்குனீங்களா?" "நான் என்னிக்கு அண்ணாச்சி நம்பர் வாங்குனேன். வருவாரு. மொதப் பாகம் எங்கிட்ட இருக்கே, எங்க போயிடுவாரு." போய்ப் பார்த்தேன். அவருடைய பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் கிடந்தது, என்னுடையதைப் போலவே துணி அட்டை, என்னுடையதைவிட நிறம் குறையாதது. எடுத்து முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறினேன், கை கேட்கவில்லை. ஒன்றும் விழவில்லை. ஒரு பூச்சித் துளைகூட இல்லை. முப்பது வருஷம் ஒருத்தன் ஒற்றையை இப்படி வைத்திருந்திருக்கிறான், அவனிடம் நான் இருநூறு ஏற்றினேன். "என்ன தேடுறீங்க?" என்றார் நூருல்லா. "ஒண்ணுமில்ல பாய்." அவர் என் கழுத்தைப் பார்த்தார், விரல் அங்கே இருந்தது. நான் விரலை எடுத்தேன். அவர் பசையைக் கிண்ட ஆரம்பித்தார், ரொம்ப நேரம் கிண்டினார், பிறகு தலையைத் தூக்காமல், "நாலு மணிக்கு நானும் இங்கதான் இருப்பேன்" என்றார்.

மணி மூன்று ஐம்பது. பக்கம் பக்கமாக எண்ணுகிறவன் இருநூற்றுப் பன்னிரண்டைத் தாண்டாமல் வரமுடியாது. அப்படியென்றால் இந்நேரம் உறை உன் கையில் இருக்கிறது, ஒட்டின வாயோடு இருக்கிறதா, பிரிந்து இருக்கிறதா, என்னைப் பற்றி எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்து அதையும் குடையையும் தூக்கிக்கொண்டு பெரிய தெருவில் நடந்து வருகிறாய். ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்பக்கமாகப் போய்விடலாம். கையை ஷட்டரில் வைத்தும் பார்த்தேன், பாதி இறங்கியது, பாதியில் நின்றது, குனிந்தால்தான் தெரு தெரிகிறது. குனிந்து பார்க்கிறேன். செருப்புக் கால்கள், ஒரு நாய், சைக்கிள், மறுபடி செருப்புக் கால்கள். காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டதெல்லாம் நீ அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்கணும் என்பதுதான். கொடுத்தால் என்ன செய்வேன், இன்னொரு செத்த புத்தகமாகப் பார்த்துத் தேடி அதற்குள் வைப்பேன், பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் வாங்கிவிடக்கூடாதே என்று உட்கார்ந்திருப்பேன், கடைசியில் எவனோ ஒருத்தன் மாடியில் நின்று என்னை உதறுவான். வேண்டாம். இந்த முனையில் காலோரம் தொங்குகிற ஒரு மடக்கின கறுப்புக் குடை திரும்புகிறது, நீயா என்று பாதி ஷட்டருக்குக் கீழே தெரியவில்லை, முட்டிக்கு மேல் உனக்கு முகமே இல்லை. ஷட்டரைத் தூக்குகிறேன். முழுசாகத் தூக்குகிறேன், பார். நீ கெடுத்ததை நீதான் சரிசெய்யணும், சும்மா உறையை நீட்டிவிட்டு நூருல்லா கடைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதே. பூச்சித் துளைக்கு எவ்வளவு குறைக்கணுமோ நீயே சொல், நான் மறுபேச்சுப் பேசமாட்டேன், கல்லாவை நீயே திறந்து எடுத்துக்கொள். அந்த ஸ்டூலில் உட்கார். ஒட்டியிருந்தால் நீயே கிழி. மேலே பெயர் வயதெல்லாம் விட்டுவிடு, அது எனக்குத் தெரியும், அடியில் இருக்கிற வரியைப் படி, இங்கிலீஷில் இருந்தால் அர்த்தத்தைச் சொல். ஆனால் காலையில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, அந்த மாதிரி நிற்கக்கூடாது. என் முகத்தைப் பார்த்துச் சொல், உன் முகத்தை நான் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு சொல்.